ஆக்டேவியா மேலாண்மை நெட்வொர்க்: லோட் பேலன்சர் பெண்டிங் கிரியேட்டிலேயே நிற்கிறது

புதுமுகில்

வணக்கம். நிர்வாகச் சேவைகள் ஓடும் கன்ட்ரோலர் மூன்று, விஎம் (மெய்நிகர் கணினி) ஓடும் கம்ப்யூட் நோட் எட்டு கொண்ட ஓப்பன்ஸ்டாக் கிளவுட் எங்களுடையது. கொல்லா ஆன்சிபிள் என்ற நிறுவல் கருவி கொண்டு நிறுவினோம். விஎம், வால்யூம், நெட்வொர்க் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. போன வாரம், போக்குவரத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்சர் சேவையான ஆக்டேவியாவைச் சேர்த்தேன். அன்று முதல் தலைவலிதான்.

லோட் பேலன்சர் ஒன்றை உருவாக்கினால் பெண்டிங் கிரியேட் நிலைக்குப் போய் அங்கேயே நிற்கிறது. சர்வீஸ் புராஜெக்டில் போய்ப் பார்த்தால் லோட் பேலன்சரைச் சுமக்கும் ஆம்ஃபோரா விஎம் உருவாகி, ஆக்டிவ் என்றே காட்டுகிறது. அதன் கன்சோல் லாகைத் திறந்து பார்த்தேன். பூட் ஆகியிருக்கிறது, 10.40.0.87 என்ற முகவரியும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஆக்டேவியா வொர்க்கர் லாகில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: இன்ஸ்டன்ஸைத் தொடர்புகொள்ள முடியவில்லை, மறுபடி முயல்கிறேன், கனெக்ட் டைம்அவுட். கடைசியில் எரர் நிலைக்குப் போய்விடுகிறது.

ஆக்டேவியா ஆம்ஃபோராவோடு பேசும் மேலாண்மை நெட்வொர்க்கை விலான் 240-இல் புரொவைடர் நெட்வொர்க்காக வைத்தேன். சப்நெட் 10.40.0.0/22. சுவிட்சில் அந்த விலானை எல்லா கம்ப்யூட் போர்ட்டிலும் ட்ரங்கில் சேர்த்தாகிவிட்டது. இமேஜுக்கு ஆம்ஃபோரா டேக் இருக்கிறது, சான்றிதழ்களையும் கொல்லாவின் கட்டளையே உருவாக்கியது. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

கம்பிவழி

கம்ப்யூட் போர்ட்டுகளில் சேர்த்தீர்கள் சரி. கன்ட்ரோலர் போர்ட்டுகளில்?

புதுமுகில்

இல்லை. ஆம்ஃபோரா கம்ப்யூட்டில்தானே ஓடுகிறது? கன்ட்ரோலருக்கு ஏபிஐ நெட்வொர்க் தனியாக இருக்கிறது.

கம்பிவழி

கோளாறு அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் புதிதாக வரும் பலரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

மற்ற பெரும்பாலான ஓப்பன்ஸ்டாக் சேவைகள் விஎம்மை உருவாக்கிவிட்டு ஒதுங்கிவிடும். விஎம்முக்குள் போய்ப் பேச வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. ஆக்டேவியா அப்படி அல்ல. ஆம்ஃபோரா என்பது உள்ளே ஹெச்ஏபிராக்ஸி என்ற லோட் பேலன்சர் மென்பொருள் ஓடும் ஒரு சாதாரண விஎம். அதற்குள் ஆம்ஃபோரா ஏஜென்ட் என்ற சிறிய நிரல் டிசிபி 9443 போர்ட்டில் காத்திருக்கும். லிஸ்னர் (போக்குவரத்தை வாங்கும் போர்ட்) சேர்த்தாலும், மெம்பரை (பின்னாலுள்ள சர்வரை) நீக்கினாலும் கன்ட்ரோலரில் ஓடும் வொர்க்கர் அந்த 9443-க்கு டிஎல்எஸ் இணைப்பு போட்டுப் புதிய அமைப்பைத் தள்ளுகிறது. அது ஒரு திசை.

எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. 10 நொடிக்கு ஒருமுறை ஆம்ஃபோரா தானாகவே "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று யூடிபி 5555-க்கு ஹார்ட்பீட் அனுப்பும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பது கன்ட்ரோலரில் உள்ள ஹெல்த் மேனேஜர்.

ஆக, மேலாண்மை நெட்வொர்க் இருவழிச் சாலை. வொர்க்கர், ஹெல்த் மேனேஜர், துப்புரவு வேலை செய்யும் ஹவுஸ்கீப்பிங் மூன்றும் ஓடும் ஒவ்வொரு நோடுக்கும் அந்தச் சாலையில் கால் இருக்க வேண்டும். உங்கள் கன்ட்ரோலருக்கு அது இல்லை. கொல்லாவில் ஆக்டேவியா நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்ற மாறியை நீங்கள் தொடாவிட்டால் அது ஏபிஐ இன்டர்ஃபேஸையே எடுத்துக்கொள்ளும். 10.40.0.87-க்கு அங்கிருந்து வழி ஏது?

வொர்க்கர் ஓடும் நோடிலிருந்து பிங் போட்டுப் பாருங்கள். போகாது என்றே நினைக்கிறேன்.

புதுமுகில்

போகவில்லை. சரி, புரிந்தது. சுவிட்சில் கன்ட்ரோலர் போர்ட்டுகளிலும் 240-ஐச் சேர்க்கச் சொல்லிவிட்டேன். கன்ட்ரோலரின் அந்த என்ஐசி (நெட்வொர்க் அட்டை) ஏற்கெனவே வெளி நெட்வொர்க்குக்கான பிஆர்-எக்ஸ் பிரிட்ஜுக்குள் இருக்கிறது. அதன்மேல் ஒரு விலான் சப்-இன்டர்ஃபேஸ் போட்டு ஐபி கொடுத்தால் போதுமா?

இரவுப்பணி

அதைச் செய்யாதீர்கள். என்ஐசி, மென்பொருள் சுவிட்சான ஓப்பன் விசுவிட்சின் கைக்குப் போன பிறகு அதன்மேல் லினக்ஸ் சப்-இன்டர்ஃபேஸ் போடுவதை நம்ப முடியாது. உள்ளே வரும் ஃப்ரேமை பிரிட்ஜ் எடுத்துக்கொண்டு போய்விடும், உங்கள் சப்-இன்டர்ஃபேஸ் காத்துக்கொண்டே இருக்கும்.

பிஆர்-எக்ஸ் பிரிட்ஜிலேயே இன்டர்னல் வகைப் போர்ட் ஒன்றைச் சேர்த்து, அதற்கு டேக் 240 கொடுங்கள். அந்தப் போர்ட் லினக்ஸில் ஒரு சாதாரண இன்டர்ஃபேஸாகத் தெரியும். அதற்கு ஐபி கொடுத்து, அதன் பெயரை ஆக்டேவியா நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் மாறியில் எழுதிவிட்டு ரீகான்ஃபிகர் ஓட்டுங்கள். கன்டெய்னர்கள் ஹோஸ்ட் நெட்வொர்க்கிலேயே ஓடுவதால் வேறு ஒன்றும் தேவையில்லை.

இரண்டு எச்சரிக்கை. கன்ட்ரோலருக்குக் கொடுக்கும் ஐபி, ஓப்பன்ஸ்டாக்கின் நெட்வொர்க் சேவையான நியூட்ரானுக்குத் தெரியாது, ஆகவே அது நியூட்ரான் முகவரி எடுத்துக் கொடுக்கும் அலொகேஷன் பூலுக்கு வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் அதே முகவரியோடு ஓர் ஆம்ஃபோரா பிறக்கும். அடுத்தது, அந்தப் போர்ட் ஓப்பன் விசுவிட்சின் தரவுதளத்தில் இருப்பதால் ரீபூட்டுக்குப் பின்னும் இருக்கும், ஆனால் நீங்கள் கையால் கொடுத்த ஐபி இருக்காது. இன்றே அதை, பூட்டில் தானாக ஓடும் ஒரு சிஸ்டம்டி யூனிட்டாக எழுதிவையுங்கள். நாளை என்று விட்டால் மறந்துபோகும், மறந்தது தெரிவது நள்ளிரவு ரீபூட்டில்தான்.

செங்கீற்று

நான் கொல்லா இல்லாமல் கையால் நிறுவியவன். என் முறை வேறு. மேலாண்மை நெட்வொர்க்கை, கிளவுடின் பயனர்கள் (டெனன்ட்) உருவாக்குவது போன்ற சாதாரண டெனன்ட் நெட்வொர்க்காகவே உருவாக்கி, அதில் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஒரு நியூட்ரான் போர்ட் எடுத்து, அதன் ஐடியையும் மேக் முகவரியையும் உள் பிரிட்ஜான பிஆர்-இன்ட்டில் ஓ-ஹெச்எம்0 என்ற இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆக்டேவியா நிறுவல் வழிகாட்டியிலும் இதே முறைதான். சுவிட்சைத் தொடவே வேண்டாம், விலான் கேட்டு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். நெட்வொர்க் குழு தனியாக இருக்கும் இடங்களில் இது பெரிய நிம்மதி.

வழிகாட்டியில் உள்ள 172.16.0.0/12 சப்நெட்டை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் இயல்பான பிரிட்ஜ் 172.17.0.0/16 அதற்குள் விழுகிறது. டாக்கர் ஓடும் கன்ட்ரோலரில் 172.17-இல் உள்ள ஆம்ஃபோராவுக்குப் போக வேண்டிய பேக்கெட் டாக்கர் பிரிட்ஜுக்குள் போய்விடும். சில லோட் பேலன்சர் வேலை செய்யும், சில செய்யாது. எனக்கு இரண்டு நாள் அதில் போனது.

கம்பிவழி

செங்கீற்று சொல்வது ஓடும், மறுக்கவில்லை. ஆனால் கொல்லாவே டெனன்ட் வகையை மேம்பாட்டுக்கும் சோதனைக்கும் என்றுதான் ஒதுக்கிவைத்திருக்கிறது. உண்மையான சுமைக்கு நான் விலான் பக்கம்தான். லோட் பேலன்சரைக் காப்பாற்றும் சாலை, கிளவுடின் சொந்த ஓவர்லே (அடித்தள நெட்வொர்க் மேல் போட்ட மெய்நிகர் நெட்வொர்க்) மேல் போகக்கூடாது என்பது என் எண்ணம். ஓவர்லேயில் கோளாறு வரும் நேரத்தில்தான் ஹெல்த் மேனேஜர் சரியாக முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

புதுமுகில்

மூன்று கன்ட்ரோலரிலும் இன்டர்னல் போர்ட் போட்டு 10.40.0.11, 12, 13 கொடுத்தேன். அலொகேஷன் பூல் 10.40.0.50 முதல் 10.40.3.250 வரை. பிங் போகிறது. புதிய லோட் பேலன்சர் இரண்டு நிமிடத்துக்குள் ஆக்டிவ் ஆனது! கர்ல் அடித்தால் பின்னாலுள்ள இரண்டு வெப் சர்வரிலிருந்தும் மாறி மாறிப் பதில் வருகிறது. மிக்க நன்றி.

ஒன்று மட்டும் புரியவில்லை. புரொவிஷனிங் ஸ்டேட்டஸ் ஆக்டிவ், ஆனால் ஆப்பரேட்டிங் ஸ்டேட்டஸ் ஆஃப்லைன். லிஸ்னர், பூல் (மெம்பர்களின் குழு), மெம்பர் எல்லாமே ஆஃப்லைன். போக்குவரத்து ஓடுகிறதே, இதை விட்டுவிடலாமா?

இரவுப்பணி

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இது வெறும் காட்சிப் பிழை அல்ல.

புரொவிஷனிங் ஸ்டேட்டஸ் என்பது வொர்க்கர் தன் வேலையை முடித்ததா என்பது. ஆப்பரேட்டிங் ஸ்டேட்டஸ் ஹார்ட்பீட்டைப் பார்த்து எழுதப்படுவது. எல்லாமே ஆஃப்லைன் என்றால் சாலையின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறது, 5555 வந்து சேரவில்லை என்று பொருள். இப்போது அந்த ஆம்ஃபோரா செத்துப்போனால் ஹெல்த் மேனேஜருக்குத் தெரியவே தெரியாது, மாற்று விஎம்மும் எழாது.

கன்ட்ரோலரில் அந்த இன்டர்ஃபேஸில் பேக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டு யூடிபி 5555 பாருங்கள். பேக்கெட்டே வரவில்லையா, வந்தும் ஹெல்த் மேனேஜர் வாங்கவில்லையா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

புதுமுகில்

10.40.0.11-இல் பார்த்தேன். 10.40.0.142-இலிருந்து 5555-க்கு யூடிபி பேக்கெட் வருகிறது. ஆனால் 10 நொடிக்கு ஒன்று என்றீர்கள், எனக்கு 30 நொடிக்கு ஒன்றுதான் வருகிறது. ஹெல்த் மேனேஜர் லாகில் ஒன்றுமே இல்லை.

இரவுப்பணி

30 நொடி சரியான கணக்கு. ஆம்ஃபோரா எல்லாக் கன்ட்ரோலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாது. பட்டியலில் உள்ள முகவரிகளுக்கு முறைவைத்து ஒவ்வொன்றாக அனுப்பும். மூன்று கன்ட்ரோலர் என்றால் ஒருவருக்கு 30 நொடிக்கு ஒருமுறை வரும்.

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது, கவனியுங்கள். ஹார்ட்பீட் டைம்அவுட் இயல்பில் 60 நொடி. மூன்றில் இரண்டு கன்ட்ரோலரில் 5555 அடைபட்டிருந்தாலும் மூன்றாவதற்கு 30 நொடிக்கு ஒன்று வந்துவிடும், எல்லாம் ஆன்லைன் என்றே தெரியும். அந்த மூன்றாவது கன்ட்ரோலரை நீங்கள் பராமரிப்புக்காக நிறுத்தும் நாளில்தான் உண்மை வெளியே வரும். ஆகவே ஒன்றில் சரியானதும் நின்றுவிடாமல் மூன்றிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

இப்போது உங்கள் சிக்கல். டிசிபிடம்ப், ஹோஸ்ட் பயர்வாலுக்கு முன்பே பேக்கெட்டைப் பார்த்துவிடும். அதில் தெரிந்தால் உள்ளே போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. கன்ட்ரோலரின் அந்த இன்டர்னல் போர்ட்டை நியூட்ரானுக்குத் தெரியாது, நியூட்ரானின் பயர்வால் விதிகளான செக்யூரிட்டி குரூப் அங்கே பொருந்தாது. ஹோஸ்டின் பயர்வால்தான் வாயிற்காவல்.

புதுமுகில்

அதேதான். கன்ட்ரோலர்களில் எங்கள் பாதுகாப்புக் குழு வைத்த விதியில் தெரியாத இன்டர்ஃபேஸில் வருவதெல்லாம் டிராப். புதிய இன்டர்ஃபேஸுக்கு யூடிபி 5555-ஐத் திறந்ததும் சில நொடியில் ஆன்லைன்! மூன்றிலும் பார்த்துவிட்டேன்.

மணற்கடிகை

கையால் நிறுவுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஹெல்த் மேனேஜரின் பைண்ட் ஐபி இயல்பில் 127.0.0.1. அதை மாற்றாவிட்டால் பயர்வாலைத் திறந்தும் பயனில்லை. அப்புறம் ஹார்ட்பீட் கீ எல்லாக் கன்ட்ரோலரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹார்ட்பீட் அந்தச் சாவியால் கையெழுத்திடப்பட்டு வருவது, சாவி வேறானால் ஹெல்த் மேனேஜர் அதை ஏற்காது.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். பிங் போனது, 9443 திறந்திருந்தது, ஆனால் டிஎல்எஸ் கைகுலுக்கல் பாதியில் தொங்கியது. நான் டெனன்ட் வகையில் ஜெனீவ் ஓவர்லே மேல் வைத்திருந்தேன். நியூட்ரானிடம் அடித்தள எம்டியூ (ஒரு பேக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 என்று சொல்லியிருந்தேன், ஆனால் நடுவே ஒரு சுவிட்ச் போர்ட் மட்டும் 1500-இல் இருந்தது. சிறிய பேக்கெட் எல்லாம் போய்விடும். சான்றிதழைச் சுமந்த பெரிய பேக்கெட் ஜெனீவ் உறையின் 58 பைட்டையும் சேர்த்துக்கொண்டு அந்தப் போர்ட்டில் சத்தமில்லாமல் விழுந்துவிடும். சான்றிதழில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று முறை புதிதாக உருவாக்கினேன்.

கன்ட்ரோலரிலிருந்து ஆம்ஃபோராவுக்கு, துண்டாக்கக்கூடாது என்ற கொடியோடு 1472 பைட் பிங் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஐபி, ஐசிஎம்பி தலைப்புகள் 28 சேர்ந்து அது சரியாக 1500 ஆகும். ஓவர்லே எம்டியூ 1442 என்று இருப்பவர்கள் 1414 போட வேண்டும். வெறும் பிங்கை நான் இப்போது சோதனையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

புதுமுகில்

விலானில் 1472 போட்டேன், போகிறது. இன்னொரு சந்தேகம். எங்கள் டெனன்ட் ஒருவர் தன் நெட்வொர்க்கிலும் 10.40.0.0/24 வைத்திருக்கிறார். அவர் லோட் பேலன்சர் கேட்டால் ஆம்ஃபோராவுக்குள் இரண்டும் மோதுமா?

கம்பிவழி

மோதாது. ஆக்டேவியாவில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. ஆம்ஃபோராவுக்குள் ஆம்ஃபோரா-ஹெச்ஏபிராக்ஸி என்று தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் இருக்கிறது. விஐபி (லோட் பேலன்சரின் பொது முகவரி) இன்டர்ஃபேஸ், மெம்பர் பக்க இன்டர்ஃபேஸ், ஹெச்ஏபிராக்ஸி மூன்றும் அதற்குள். மேலாண்மை இன்டர்ஃபேஸும் ஏஜென்டும் வெளியே. இரண்டுக்கும் ரூட்டிங் டேபிள் தனித்தனி. ஆம்ஃபோராவுக்குள் எஸ்எஸ்ஹெச் செய்து ஐபி முகவரிகளைப் பட்டியலிட்டால் மேலாண்மை முகவரி மட்டும் தெரியும், விஐபியைக் காணோமே என்று பலர் பதறுவார்கள். நேம்ஸ்பேஸுக்குள் போய்ப் பார்த்தால் இருக்கும்.

நீலவிளக்கு

பாதுகாப்புப் பக்கம் யாரும் பேசவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். நேம்ஸ்பேஸ் இருந்தாலும் ஆம்ஃபோரா என்பது வெளியுலகப் போக்குவரத்தை நேரடியாக வாங்கும் விஎம். நாளை யாராவது அதை உடைத்து உள்ளே வந்தால், அவர் கண்முன் திறந்திருப்பது உங்கள் மேலாண்மை நெட்வொர்க். அதில் கன்ட்ரோலர் இருக்கிறது. கன்ட்ரோலரில் தரவுதளம் இருக்கிறது, சேவைகள் தமக்குள் செய்தி அனுப்பும் ராபிட்எம்க்யூ இருக்கிறது, எஸ்எஸ்ஹெச் இருக்கிறது.

எனவே கன்ட்ரோலரின் அந்த இன்டர்ஃபேஸில் உள்ளே வர யூடிபி 5555, அதோடு தான் தொடங்கிய இணைப்புகளின் பதில், இவ்வளவுதான் அனுமதி. லாகை வெளியே அனுப்பும் வசதியை இயக்கியிருந்தால் அதற்கான சிஸ்லாக் போர்ட்டையும் சேருங்கள். ஆம்ஃபோரா பக்கச் செக்யூரிட்டி குரூப்பில் 9443-ஐக் கன்ட்ரோலரின் மூன்று முகவரிக்கு மட்டும் திறங்கள், உலகத்துக்கே அல்ல. போர்ட் 22 பிழை தேடும்போது திறந்து, முடிந்ததும் மூடலாம். சர்வர்களைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் ஐபிஎம்ஐ இருக்கும் விலானிலேயே இதையும் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிப் போட்ட ஓர் இடத்தை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பிரித்தெடுக்க வேலை நிறுத்த நேரம் கேட்டு மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

இரவுப்பணி

நீலவிளக்கு சொன்னது ஒவ்வொன்றும் செய்ய வேண்டியது. சேர்த்து ஒன்று: முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மேலாண்மை விலானைச் சுமந்த சுவிட்சுக்கு மென்பொருள் மேம்பாடு செய்தார்கள். சில நிமிடத் தடைதான். டெனன்ட் போக்குவரத்து வேறு சுவிட்சில், ஒரு பேக்கெட்கூட விழவில்லை. ஆனால் ஹார்ட்பீட் நின்று 60 நொடி ஆனதும் எல்லா ஆம்ஃபோராவும் செத்துவிட்டன என்று ஹெல்த் மேனேஜர் நம்பி ஒவ்வொன்றாக ஃபெயில்ஓவரை (மாற்று விஎம் எழுப்புவதை) தொடங்கியது. புதிதாக எழுப்பிய ஆம்ஃபோராவையும் எட்ட முடியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லோட் பேலன்சர்கள் எரருக்குப் போயின. விடியும்வரை ஒவ்வொன்றாகக் கையால் ஃபெயில்ஓவர் கொடுத்து மீட்டோம்.

அதற்காகவே ஹெல்த் மேனேஜர் பகுதியில் ஃபெயில்ஓவர் த்ரெஷோல்ட் என்ற அமைப்பு இருக்கிறது. ஒரே நேரத்தில் அத்தனை ஆம்ஃபோரா காணாமல் போனால் இது விஎம் சாவு அல்ல, நெட்வொர்க் கோளாறு என்று கொண்டு தானியங்கி ஃபெயில்ஓவரை நிறுத்திவிடும். எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும். ஒரு கம்ப்யூட் நோட் விழுந்தால் அதிகபட்சம் எத்தனை ஆம்ஃபோரா போகும் என்று எண்ணி, அதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள்.

செங்கீற்று

முகவரிப் பூல் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆக்டிவ்-ஸ்டாண்ட்பை வகையில் ஒரு லோட் பேலன்சருக்கு இரண்டு ஆம்ஃபோரா, இரண்டு மேலாண்மை முகவரி. ஃபெயில்ஓவர் நடக்கும்போது கூடுதலாக ஒன்று. கொல்லா ஆவணத்தில் எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கும் 100 முதல் 200 வரையிலான பூலை அப்படியே வைத்தால் 50 லோட் பேலன்சருக்குள் முட்டிவிடும். புதுமுகில் /22 எடுத்தது நல்ல முடிவு.

எல்4 (ஐபி, போர்ட் அளவிலான பிரிப்பு) மட்டும் போதும் என்பவர்களுக்கு ஓவிஎன் புரொவைடரும் உண்டு. அதில் ஆம்ஃபோராவே இல்லை, மேலாண்மை நெட்வொர்க்கும் வேண்டாம். டிஎல்எஸ் முடிப்பும் எல்7 (ஹெச்டிடிபி அளவிலான) விதியும் கிடையாது.

புதுமுகில்

எங்களுக்கு டிஎல்எஸ் வேண்டும், ஆம்ஃபோராதான். ஒரு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். மூன்று கன்ட்ரோலரையும் ஒவ்வொன்றாக ரீபூட் செய்து பார்த்தேன். சிஸ்டம்டி யூனிட் முதல் கன்ட்ரோலரில் தவறியது, ஓப்பன் விசுவிட்ச் கன்டெய்னர் எழுவதற்கு முன்பே ஓடி, போர்ட் இல்லை என்று நின்றுவிட்டது. இன்டர்ஃபேஸ் தோன்றும்வரை காத்திருக்கும்படி மாற்றினேன், இப்போது மூன்றும் சரியாக எழுகின்றன. பயர்வாலை நீலவிளக்கு சொன்னபடி இறுக்கிவிட்டேன். த்ரெஷோல்டும் வைத்தாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. நான்காவது கன்ட்ரோலர் சேர்க்கப்போகிறோம், 10.40.0.14. பழைய ஆம்ஃபோராக்கள் அதற்கும் ஹார்ட்பீட் அனுப்புமா?

மணற்கடிகை

தானாக அனுப்பாது. கன்ட்ரோலர் பட்டியல் ஆம்ஃபோரா பூட் ஆகும்போதே அதற்குள் எழுதப்பட்டுவிடும். அமைப்பை மாற்றி ரீகான்ஃபிகர் செய்தபின், ஒவ்வொரு ஆம்ஃபோராவுக்கும் ஓப்பன்ஸ்டாக் கட்டளையில் லோட்பேலன்சர் ஆம்ஃபோரா கான்ஃபிகர் என்பதை ஐடியோடு கொடுங்கள். ஏஜென்டின் அமைப்பு புதுப்பிக்கப்படும், ஃபெயில்ஓவர் தேவையில்லை. நான்காவதின் இன்டர்ஃபேஸில் 40 நொடிக்கு ஒரு ஹார்ட்பீட் வந்தால் சேர்ந்துவிட்டது.

இன்னொன்று, கொல்லா உருவாக்கிய கிளையன்ட் சான்றிதழின் ஆயுள் ஓராண்டு. அது முடிந்தால் வொர்க்கரால் எந்த ஆம்ஃபோராவோடும் பேச முடியாது, பார்ப்பதற்கு நெட்வொர்க் கோளாறு போலவே இருக்கும். சான்றிதழ்க் கட்டளையிலேயே காலாவதி சரிபார்க்கும் விருப்பம் இருக்கிறது, அதை மாதம் ஒருமுறை ஓடும்படி வைத்துவிடுங்கள்.

புதுமுகில்

வைத்துவிட்டேன். இன்னும் 351 நாள் என்கிறது.